பொட்டலில் ஒரு சின்னப் பள்ளம்

ஜனவரி 19, திங்கள்

இந்த டைரியை ஏதோ ஓர் உரக் கம்பெனி அம்மாவுக்கு இலவசமாகக் கொடுத்திருக்கிறது. அம்பாசமுத்திரம் கூட்டுறவு சங்கத்தில் அம்மாவுக்கு வருடத்துக்கு ஏழெட்டு டைரி வரும். அதில் ஒன்று என் தலையில். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் விவசாயிகளுக்கு ஒரு குறிப்பு அச்சடித்திருக்கிறார்கள். இன்றைய குறிப்பு: ‘கத்தரி நாற்றுக்குக் களை எடுக்கவும்.’ சரி, எடுத்துவிடுகிறேன்.

எழுதுவதற்கு ஒரே காரணம், மார்ச் 20 அன்று எங்கள் திட்டத்தைச் சோதிக்க ஒரு குழு வருகிறது. என்றைக்கு என்ன கிழித்தாய் என்று கேட்பார்கள். பதில் பிடித்துப்போனால் சேந்தமலை வானாய்வு மையத்தில் தொடரலாம். பிடிக்காவிட்டால் மார்ச் 31 மாலை அறைச் சாவியைக் கொடுத்துவிட்டு மலையிறங்க வேண்டும். முப்பத்து மூன்று வயதில் இசக்கியம்மாள், முனைவர், மூட்டை முடிச்சோடு.

நான் தேடுவது இதுதான். பிரபஞ்சத்தில் கேலக்ஸிகள் எல்லாம் சேர்ந்து சேர்ந்து இருக்கின்றன. நடுநடுவே பெரிய பெரிய வெற்றிடங்கள். கோடிக்கணக்கான ஒளியாண்டு அகலத்துக்கு ஈ காக்கை இல்லை. அதில் ஒன்று என்னுடையது. அதற்குப் பட்டியலில் பதினாறு இலக்க எண் இருக்கிறது. நான் வைத்த பெயர் பொட்டல். பொட்டலில் துளி ஹைட்ரஜன் வாயுவாவது இருக்கும் என்பது என் கட்சி. எவ்வளவு துளி? எங்கள் அலுவலக அறை அளவு இடத்துக்கு ஒரே ஓர் அணு. அதிலும் ஒளியை விழுங்கும் நிலையில் லட்சத்தில் ஒன்று தேறினால் அதிகம்.

பொட்டலுக்கு அந்தப் பக்கம் ஒரு தூரத்து கேலக்ஸியின் நடுமையம், குவாசர் என்பார்கள், பெருவிளக்காக எரிகிறது. அதன் ஒளி பொட்டல் வழியாக நம்மிடம் வருகிறது. வழியில் ஹைட்ரஜன் இருந்தால் குறிப்பிட்ட ஒரு நிறத்தில் கொஞ்சத்தை விழுங்கிவிடும். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, அந்த நிறமாலையை வரைபடமாகப் போட்டால் அந்த இடத்தில் ஒரு சின்னப் பள்ளம் விழும். அந்தப் பள்ளம்தான் எனக்கு வேண்டும். இரண்டு வருடமாக வேண்டும்.

ஜனவரி 22, வியாழன்

தொண்டை கட்டிவிட்டது. கேன்டீன் பின்னாலிருந்து ஓமவல்லி, அதான் கற்பூரவல்லி, ஒரு கொத்து ஒடித்து, தொட்டியில் நட்டு, அலுவலக ஜன்னலில் வைத்தேன்.

அறையில் இன்னொரு மேசை தாணுமாலயனுடையது. நாகர்கோவில்காரர். தொலைநோக்கியும் காமிராவும் அவர் பொறுப்பு, நிரந்தர வேலை. இரவில் அவர் ஒளியைப் பிடித்துத் தருவார், பகலில் நான் அதை ஆராய்வேன். செடியைப் பார்த்தார். “நல்லாருக்கு” என்றார். அவ்வளவுதான். அந்த மனிதருக்கு ஒரு நாளைக்கு இத்தனை வார்த்தை என்று மேலிடத்தில் அளந்து கொடுத்திருக்கிறார்கள் போல.

ஜனவரி 30, வெள்ளி

அம்மா போன்.

“ஏட்டி, ஒண்ணுமில்லாத எடத்துல என்னத்தப் போயி தேடுத? இங்க வீட்டுல தொலைச்ச கொலுசத் தேடித்தர ஒனக்கு நேரமில்ல.”

“ஒண்ணுமில்லன்னு நிச்சயமாத் தெரியாதும்மா. அதுக்குத்தான் தேடுதேன். தாணு சார் பிப்ரவரியில மறுபடி பாக்கப் போறாரு. தாணு சார் காமிராவ நல்லா வச்சிருக்காரு. தாணு சார் சொல்லுதாரு…”

“ஏட்டி, கால் மணி நேரத்துல பதினோரு தடவ தாணுன்னு சொல்லிட்ட.”

சங்கத்தில் உர மூட்டை எண்ணி எண்ணி அம்மாவுக்கு எதைக் கண்டாலும் எண்ணுகிற பழக்கம் வந்துவிட்டது. வேறொன்றுமில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

அக்டோபரில் பிடித்த ஒளியைத் தயார் செய்யும் வேலை இன்றோடு முடிந்தது. இதில் என்னைக் கொல்வது புவித் திருத்தம். பூமி சும்மா நிற்கவில்லை. சூரியனைச் சுற்றி வினாடிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அக்டோபரில் அந்தக் குவாசரை நோக்கி ஓடுகிறோம், பிப்ரவரியில் அதைவிட்டு விலகி ஓடுகிறோம். அதனால் நிறமாலைக் கோடுகள் (பள்ளங்களுக்கு எங்கள் தொழில் பெயர்) ஒரு மாதம் இந்தப் பக்கம் நகர்ந்திருக்கும், ஒரு மாதம் அந்தப் பக்கம். ஒவ்வொரு கோப்புக்கும் கணக்குப் போட்டு அந்த நகர்வை எடுத்துவிட வேண்டும். அப்போதுதான் எல்லா மாதத்து ஒளியையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க முடியும். செப்டம்பரில் இந்த வேலையைப் பற்றி அரை மணி நேரம் தாணுவிடம் புலம்பினேன். தலைவலி மாத்திரை ஒன்று எடுத்து நீட்டினார். மகராசன்.

அக்டோபர் வரைபடத்தில் பொட்டலுக்குள் ஒரு சின்னக் குழி மாதிரி தெரிகிறது. அது வெறும் இரைச்சலாகவும், அதாவது காமிராவின் தடுமாற்றமாகவும், இருக்கலாம். பிப்ரவரியிலும் அதே இடத்தில் தெரிந்தால் அது ஹைட்ரஜன். என்னை நம்பி ஒரு குழி.

பிப்ரவரி 12, வியாழன்

இன்று முதல் தாணுவுக்கு எட்டு இரவு வேலை. காலை ஏழு மணிக்கு வேலை முடித்து, காமிரா சூடாகாமலிருக்கத் திரவ நைட்ரஜன் ஊற்றிவிட்டு, கோப்புகளை எனக்கு அனுப்பிவிட்டுத் தூங்கப் போய்விடுவார். நான் ஒன்பது மணிக்கு வருவேன். நாலு மணி டீக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் உண்டு.

ஓமவல்லி இலை மஞ்சளாகிறது. மலைக்காற்று வறட்டுகிறது போல. தினம் ஒரு டம்ளர் ஊற்றுகிறேன், இன்று ஒன்றரை. அந்த மனிதர் செடியைத் திரும்பியே பார்ப்பதில்லை. ஓர் உயிர் ஜன்னலில் நிற்கிறதே என்ற எண்ணம் வேண்டாமா?

பிப்ரவரி 16, திங்கள்

மேசைமேல் பாதி பாக்கெட் நாகர்கோவில் மிக்சர் இருந்தது. சீட்டு எதுவும் இல்லை. தின்றேன். வீணாகக் கூடாது என்பதால்.

பிப்ரவரி 24, செவ்வாய்

அக்டோபரையும் பிப்ரவரியையும் அடுக்கிவிட்டேன். பொட்டலில் ஒன்றும் இல்லை. இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி வரைபடம் நேராகக் கிடக்கிறது.

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இதைக் குழு கேட்காது, இருந்தாலும் எழுதிவிட்டேன்.

இன்றைய குறிப்பு: ‘அறுவடைக்கு ஆயத்தமாகவும்.’ நல்லா ஆயத்தமானேன் போ.

பிப்ரவரி 25, புதன்

கிருபாவதி மேடம்தான் எங்கள் திட்டத் தலைவர். திருச்சிக்காரர், சிவப்பு மையில் மட்டும் எழுதுபவர். வரைபடத்தைத் தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்தார்.

“அக்டோபர்ல ஒரு இடத்துல குழி இருக்கு. பிப்ரவரில இன்னொரு இடத்துல இருக்கு. நிஜமா இருந்தா ஒரே இடத்துலதானே இருக்கணும்? ரெண்டும் இரைச்சல்மா.”

“சரி மேடம்.”

“ஒண்ணுமில்லைங்கறதும் ஒரு முடிவுதான், இசக்கி. கட்டுரை எழுதலாம்.”

எழுதலாம். ஆனால் ஒன்றுமில்லை என்பதற்கு எந்தக் குழுவும் இன்னும் இரண்டு வருடம் தராது. மேடமும் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வெளியே வந்தால் வராந்தாவில் தாணு நிற்கிறார்.

“என்ன சொன்னாங்கோ?”

“பொட்டல்னு நான் வச்ச பேரு ரொம்பப் பொருத்தமாம்.”

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

காலையில் என் மேசைக்கு அடியில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. காமிரா வந்த பெட்டி. உள்ளே சுற்றிலும் தெர்மோகோல் வெட்டி, அளவாகப் பதித்து, மூலைக்கு மூலை டேப் ஒட்டி வைத்திருக்கிறார்.

“இது எதுக்கு தாணு சார்?”

“புஸ்தகம் வைக்க. மலையிறங்கும்பம் குலுங்கும் பாத்துக்கிடுங்கோ.” முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு சொன்னார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. போய்த் தொலை என்று இதைவிட நேர்த்தியாக யாரும் சொல்லியிருக்க முடியாது. “ரொம்ப நன்றி” என்றேன், நாக்கைக் கடித்துக்கொண்டு. நாலு மணி டீக்குப் போகவில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தாராம், கேன்டீனில் சொன்னார்கள். பார்க்கட்டும்.

பெட்டி மட்டும் நல்ல பெட்டி.

மார்ச் 6, வெள்ளி

இன்று நடந்ததை அப்படியே எழுத வேண்டும்.

ஒன்பது மணிக்கு வந்தால் ஓமவல்லி சாய்ந்து கிடக்கிறது. அடித்தண்டு கறுத்து, தொட்டால் கூழாக வருகிறது. டைரியைத் திறந்தால் உரக் கம்பெனிக்காரன் சொல்கிறான்: ‘இலை மஞ்சளானால் உடனே நீர் பாய்ச்சாதீர். வேர் அழுகியிருக்கிறதா பார்க்கவும்.’ இதை ஜனவரியிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? தொட்டியைத் தூக்கினேன், கல்லாகக் கனத்தது. அடித்தட்டில் தண்ணீர் ததும்பியது. நான் ஊற்றிய ஒரு டம்ளருக்கு இவ்வளவு தண்ணீர் ஏது?

அந்த நேரம் தாணு உள்ளே வந்தார்.

“தாணு சார், செடி செத்துப்போச்சு.”

“அதெப்டி? தெனமும் காலம்பற நைட்ரஜன் ஊத்திட்டு வந்து இதுக்கும் ஒரு டம்ளர் ஊத்திட்டுத்தானே போறேன்.”

“நீங்க எதுக்கு ஊத்துதீங்க?”

“வேலை மும்முரத்துல நீங்க மறந்துருவேள்னு.”

“நான் தெனமும் ஒம்போது மணிக்கு ஊத்துதேன்! நீங்கதான் திரும்பியே பாக்க மாட்டேங்கீங்கன்னு.”

இரண்டு பேரும் செடியைப் பார்த்தோம். பிறகு அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஒன்றரை மாதமாக ஆளுக்கொரு டம்ளர் ஊற்றிப் பாவம் அதை முக்கியே கொன்றிருக்கிறோம். அன்பாலேயே கொன்றிருக்கிறோம் என்று அவர் சொன்னார். சொல்லிவிட்டுக் காது சிவந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சிரித்துக்கொண்டே கேட்டேன்: “வேற என்னல்லாம் எனக்குத் தெரியாம செஞ்சு வச்சிருக்கீங்க?”

“பெருசா ஒண்ணுமில்ல. உங்க நாற்காலி ஆணி முடுக்கினேன். ஹீட்டர் வயர் மாத்தினேன். பின்ன… அந்தப் புவித் திருத்தம்.”

சிரிப்பை நிறுத்தினேன்.

“எந்தப் புவித் திருத்தம்?”

“அதான், அன்னைக்கு அதப் போடுகதுக்குள்ள தலைவலி வந்துருதுன்னு சொன்னேளே. அக்டோபர்லேர்ந்து கோப்ப அனுப்பும்பமே நானே போட்டு அனுப்பிருவேன். ஒவ்வொரு கோப்புத் தலைப்புலயும் எழுதியிருக்கேனே, பாக்கலியா?”

கோப்பின் தலைப்பில் நானூறு வரி இருக்கும். சினிமா முடிந்து ஓடுகிற பெயர்ப் பட்டியல் மாதிரி. அதை யார் படிப்பார்கள்? நான் படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை.

“தாணு சார், நானும் போட்டேன்.”

“எத?”

“புவித் திருத்தத்த. எல்லாக் கோப்புலயும். நீங்க ஒரு தடவ, நான் ஒரு தடவ.”

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார், ஆணி முடுக்கிய அதே நாற்காலியில். இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. ஒரு தடவை திருத்தினால் கோடு தன் இடத்துக்கு வந்து நிற்கும். இரண்டாம் தடவை திருத்தினால் அதைத் தாண்டி மறுபக்கம் போய்விடும். அக்டோபர்க் கோடு ஒரு பக்கம் போகும், பிப்ரவரிக் கோடு எதிர்ப்பக்கம் போகும். அடுக்கினால் இரண்டும் கரைந்துவிடும். மற்ற கோடுகள் எல்லாம் அகலமானவை, கொஞ்சம் நகர்ந்தால் தெரியாது. பொட்டலில் இருப்பது குளிர்ந்த, மெல்லிய வாயு; அதன் கோடு ஊசி மாதிரி ஒடுங்கியது. நகர்ந்தால் போச்சு.

மேடம் பார்த்த இரண்டு குழிகள்!

மார்ச் 7, சனி

ஒரே ஒரு தடவை திருத்திப் போட்டேன். அக்டோபர்க் குழியும் பிப்ரவரிக் குழியும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து உட்கார்ந்தன.

இருக்கிறது. பொட்டலில் ஹைட்ரஜன் இருக்கிறது.

அம்மாவுக்கு போன் செய்தேன். “எவ்வளவு இருக்கு?” என்றாள். அறைக்கு ஓர் அணு என்றேன். “இதுக்கா இவ்வளவு சத்தம்? அந்தத் தாணுகிட்ட சொல்லிட்டியா?” என்றாள். அவர் பக்கத்தில்தான் நின்றார். சனிக்கிழமை விடுமுறையில் அவர் ஏன் வந்தார் என்று அம்மா கேட்டாள். நெட்வொர்க் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 9, திங்கள்

மேடம் குதிப்பார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அஞ்சு மாசமா ஒருத்தர் செய்யறதை இன்னொருத்தர் சொல்லாம செஞ்சிட்டிருந்திருக்கீங்க. உங்க ரெண்டு பேருக்கும் பரிவு ஜாஸ்தி, பேச்சு கம்மி.”

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

“இப்பவும் தப்பில்லன்னு எப்படி நம்பறது? முதல் கோப்புலேர்ந்து மறுபடி போடுங்க. இருவரும் தனித்தனியே செய்யணும். முடியற வரைக்கும் இதைப்பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது. கடைசியில ஒத்துப் பார்ப்போம்.”

கையோடு ஒரு நீள நோட்டும் கொடுத்தார். கட்டம் போட்டது: தேதி, வேலை, செய்தவர். செடிக்குத் தண்ணீர் ஊற்றினாலும் இதில் எழுத வேண்டும். தினமும் மாலை மேடம் சிவப்பு மையில் கையெழுத்துப் போடுவார்.

மார்ச் 11, புதன்

பேசக்கூடாது. ஒரே அறை, முதுகுக்கு முதுகு. அவர் வழக்கமாகவே பேசமாட்டார், அவருக்கென்ன? எனக்குத்தான் வாய் பூட்டுப் போட்ட மாதிரி இருக்கிறது. ஓமவல்லியில் அழுகாத ஒரு நுனியைக் கிள்ளி வேறு மண்ணில் நட்டேன். நோட்டில் எழுதினேன்: ‘செடி நட்டது – இ.’ அதற்குக் கீழே: ‘பார்த்தேன். நல்லாருக்கு – தா.’

மார்ச் 13, வெள்ளி

மேடம் இரண்டு வரைபடத்தையும் ஜன்னல் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பிடித்தார். தாணுவுடைய பள்ளம், என்னுடைய பள்ளம். ஒரு மயிரிழை விலகவில்லை. மேடம் சிவப்புப் பேனாவைத் திறந்து ‘ஒத்திருக்கிறது’ என்று எழுதினார். அப்போதுதான் சிரித்தார்.

மார்ச் 20, வெள்ளி

குழு. ஐந்து பேர். நாங்கள் செய்த தப்பைச் சொல்வதா வேண்டாமா என்று முந்தாநாள் முழுக்க யோசனை. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியுமே. முதல் படத்திலேயே தப்பைத்தான் காட்டினேன்: இரண்டு தடவை திருத்தியது, கரைந்துபோனது. ஒருவர் வாய்விட்டே சிரித்தார். தாணு கடைசி வரிசையில் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

மீசைக்காரர் ஒருவர் கேட்டார்: “ஒரு ரூமுக்கு ஒரு அணு. இருந்தா என்ன, இல்லாட்டி என்னம்மா?”

“சார், பிரபஞ்சத்துல உள்ள சாதாரணப் பொருள்ல பெரும்பங்கு நட்சத்திரத்துல இல்ல, நடுவுல உள்ள எடத்துலதான் கெடக்கு. காலியா இருக்குன்னு நாம நெனைக்கிற எடத்துல என்ன இருக்குன்னு போய்ப் பாக்காம, இல்லன்னு சொல்லப்பிடாதுல்ல சார்.”

எனக்கே தெரியாமல் அம்பாசமுத்திரம் வந்துவிட்டது. அவர் எதையோ குறித்துக்கொண்டார். முடிவு பிறகு சொல்வார்களாம்.

மார்ச் 26, வியாழன்

வந்துவிட்டது. இரண்டு வருடம் இல்லை. வரும் பிப்ரவரி வரை. அக்டோபரிலிருந்து மறுபடி பாருங்கள், மூன்றாம் தடவையும் அதே இடத்தில் பள்ளம் இருந்தால் மேற்கொண்டு பேசலாம் என்று எழுதியிருக்கிறார்கள். நியாயம்தான். நான் குழுவில் இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

மார்ச் 31 அன்று மலையிறங்க வேண்டாம்!

தாணுவிடம் சொன்னேன். “நல்லாருக்கு” என்றார். பிறகு மேசைக்கு அடியில் குனிந்து அட்டைப்பெட்டியை எடுத்தார். தெர்மோகோலை ஒவ்வொன்றாகப் பிய்த்தார். பெட்டியை மிதித்துத் தட்டையாக்கினார். அவ்வளவு வேகமாக அவர் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. அந்தப் பெட்டியைச் செய்ய அவருக்கு எத்தனை நாள் ஆனது என்று கேட்டேன். நாலு நாள் என்றார். அதை எனக்குக் கொடுத்தபோது ஏன் முகத்தை அப்படி வைத்திருந்தார் என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது. நான் ஒரு மக்கு.

மார்ச் 27, வெள்ளி

வேலை நோட்டில் இன்று காலை அவர் கையெழுத்து.

தேதி: 27. வேலை: ‘இசக்கியிடம் சொல்வது.’ செய்தவர்: வெற்றிடம்.

என்ன அர்த்தம்? சொல்ல நினைத்து விட்டுவிட்டாரா? நான் சொல்ல வேண்டுமா? தண்ணீர் என்றால் இரண்டு பேரும் ஊற்றுகிறோம், திருத்தம் என்றால் இரண்டு பேரும் போடுகிறோம். இந்த ஒரு வேலையை மட்டும் அவர் சொல்லுவார் என்று நானும், நான் சொல்லுவேன் என்று அவரும் இரண்டு வருடமாக விட்டு வைத்திருக்கிறோம். அவரைப் பிடிக்கும். பேனாவில் மை இருக்கிறது, எழுதியாயிற்று. பிடிக்கும், பிடிக்கும்.

நோட்டில் அந்த வெற்றிடத்தைத் தொடத் தைரியமில்லாமல் மூடி வைத்துவிட்டேன். சாயங்காலம் மேடத்தின் மேசைக்கு அது போகும் என்பது தங்கும் அறைக்கு வந்தபிறகுதான் உறைத்தது. ஐயோ!

மார்ச் 30, திங்கள்

எட்டரைக்கே ஓடினேன். நோட்டு திரும்பி வந்திருந்தது. அந்த வரிக்குக் கீழே சிவப்பு மை:

‘இருவரும் தனித்தனியே செய்யவும். கடைசியில் ஒத்துப் பார்க்கவும். – கி.’

தாணு பக்கத்தில் நின்று அதையே படித்துக்கொண்டிருந்தார். கையில் தண்ணீர் டம்ளர். காது அந்த மையைவிடச் சிவப்பு.

மார்ச் 31, செவ்வாய்

ஒத்திருந்தது.